வண்டி வைத்தியம்: ஆயில் பிரஷர் முள் இறங்கினால், இன்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: ‘‘எங்கள் குடும்பத்தில் 20 வருடப் பழைய டீசல் மினி லாரி ஒன்று இருக்கிறது. எங்கள் தோட்டத்துத் தக்காளி, முருங்கையோடு அக்கம்பக்கத்துத் தோட்டத்துக் காய்களையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வருகிறோம். ஒரு மாதமாக ஆயில் பிரஷர் முள் சரியில்லை. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுவில் நிற்கிறது. 15 கிலோமீட்டர் ஓடி, சந்தை வாசலில் வரிசையில் நிற்கும்போது அடிக்கோட்டைத் தொடுகிறது. ரேஸ் செய்தால் கொஞ்சம் ஏறுகிறது. ஆயில் குறையவில்லை. முன்பெல்லாம் மாதம் ஒரு லிட்டர் ஊற்றுவோம். இப்போது அதுகூடத் தேவைப்படவில்லை. ஒரு மெக்கானிக், ‘பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்’ என்கிறார். இன்னொருவர், ‘கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும்’ என்கிறார். எங்கள் மகன், ‘மீட்டர்தான் கெட்டுவிட்டது’ என்கிறான். இன்ஜின் வேலைக்காக வீட்டு நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறோம். என்ன செய்வது?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நகையை எடுக்க வேண்டாம். முதலில் லாரியை நிறுத்துங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஆனால், பிரஷரை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. முள் காட்டுவது உண்மையா, பொய்யா என்பது தெரியாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரமும், ஒரு பட்டறை மீட்டரும் போதும்.

அளக்கும் வரை லாரியை ஓட்ட வேண்டாம். கிராங்க் ஷாஃப்ட், பேரிங்கின் மீது நேரடியாக உட்கார்ந்து சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது. பிரஷர் இல்லாவிட்டால், அந்த ஆயில் போய்ச் சேராது. உலோகமும் உலோகமும் உரசி, சில நிமிடங்களில் இன்ஜின் பிடித்துவிடும். அப்போது சிறிய வேலையாக முடிந்திருக்க வேண்டியது, கிராங்க் வரை போய்விடும். நான்கு நாட்களுக்கு வாடகை வண்டியில் காய் அனுப்புவது அதைவிட மலிவு.

பிரஷர் எப்படி உண்டாகிறது?

இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப்பில் ஆயில் தேங்கி நிற்கிறது. அதில் முங்கியிருக்கும் ஸ்ட்ரெயினர் வலை வழியாக ஆயில் பம்ப் உறிஞ்சுகிறது. பம்ப் தள்ளும் ஆயில், ஃபில்டரைக் கடந்து பிளாக்கில் உள்ள துளைகள் வழியாக மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், கேம் ஷாஃப்ட், ராக்கர் என்று பிரிந்து போகிறது. பிரஷர் அளவுக்கு மீறினால், ரிலீஃப் வால்வு திறந்து உபரி ஆயிலை சம்ப்புக்கே திருப்பி அனுப்பும்.

சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். மோட்டார் தள்ளும் தண்ணீர் எவ்வளவு, கடைசியில் வெளியேறும் வழி எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் குழாயில் பிரஷர் நிற்கும். மோட்டார் பலவீனமானாலும் பிரஷர் குறையும். உறிஞ்சும் இடத்தில் அடைப்பு இருந்தாலும் குறையும். பைபாஸ் வால்வு திறந்தே கிடந்தாலும் குறையும். கடைசியில் ஓட்டைகள் பெரிதானாலும் குறையும். இன்ஜினிலும் அதேதான். தேய்ந்த பேரிங் என்பது, பெரிதாகிப்போன கடைசி ஓட்டை. ஆனால், ஒரே ஒரு காரணம் அது இல்லை.

ஆயில் சூடானால் இளகும். அதனால் காலையில் முள் உயரமாகவும், சூடான பிறகு கொஞ்சம் தாழ்வாகவும் நிற்பது எல்லா இன்ஜினுக்கும் இயல்பு. எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் வேலை: ஆயில் குச்சி

லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, 10 நிமிடம் கழித்துக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், பம்ப் காற்றை உறிஞ்சும், முள் ஆடும். அப்படியானால் ஆயில் எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

இந்த வாசகர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. மாதம் ஒரு லிட்டர் குடித்துக்கொண்டிருந்த பழைய இன்ஜின், திடீரென்று குடிப்பதை நிறுத்தாது. தேய்ந்த ரிங்குகள் தாமாகச் சரியாவதில்லை. ஆயில் வழக்கம்போலக் குறைந்துகொண்டுதான் இருக்கும். குறைந்த இடத்தை வேறு ஏதோ ஒன்று நிரப்புகிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். டீசல் இன்ஜினில் அந்த ஏதோ ஒன்று, பெரும்பாலும் டீசல்தான்.

குச்சியில் ஒட்டியிருக்கும் ஆயிலை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருக்கிறதா? இரண்டு விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இல்லாமல் நீர்த்துப்போய் இருக்கிறதா? ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி அகலமாக எண்ணெய்ப்பசை போன்ற வெளிறிய வளையமும் பரவினால், டீசல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். குச்சியில் மட்டம் மேல்கோட்டையும் தாண்டியிருந்தால், சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அப்படித் தாண்டியிருந்தால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயிலும் டீசலும் கலந்த அந்தக் கலவை, பிரீதர் வழியாகக் காற்று போகும் பாதைக்குள் இழுக்கப்பட்டால், இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

ஆயில் மோர் போல வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், லைனர் சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்றும் கவனியுங்கள்.

இரண்டாவது வேலை: முள் பொய் சொல்கிறதா?

மகன் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. பழைய வண்டிகளில் முள் பொய் சொல்வது சகஜம். மீட்டர் இரண்டு வகை. ஒன்று, இன்ஜினிலிருந்து சிறு குழாய் நேராக மீட்டர் போர்டுக்கு வரும். அந்தக் குழாய் நசுங்கியிருந்தாலோ, அடைத்திருந்தாலோ முள் ஏறாது. குழாய் உடைந்தால், ஆயில் முழுவதும் வெளியே போய்விடும் என்பதால், அதைத் தேய்மானம் இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது நல்லது.

இன்னொன்று, இன்ஜின் பிளாக்கில் ஒரு யூனிட். அதிலிருந்து மீட்டருக்கு ஒரு வயர். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட விடாமல், அந்த வயரைக் கழற்றுங்கள். முள் ஒரு கோடிக்குப் போகும். வயர் நுனியை இன்ஜின் பாடியில் ஒரு நொடி மட்டும் தொட்டால், மறு கோடிக்கு நகரும். இப்படி நகர்ந்தால், மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன. நகரவில்லை என்றால், கோளாறு மீட்டரிலோ வயரிலோ இருக்கிறது. ஒற்றை வயர் உள்ள யூனிட்டுக்கு, அதன் புரி வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. ஆயில் கசிகிறது என்று புரியில் டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றியிருந்தால், எர்த் கெட்டுப்போய் முள் தவறாகக் காட்டும்.

ஒரு அடையாளம் சொல்லலாம். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சட்டென்று ஏறினால், பெரும்பாலும் அது வயர் கோளாறு. சூடு ஏற ஏற மெதுவாக இறங்கி, ரேஸ் செய்தால் மெதுவாக ஏறினால், இன்ஜினுக்குள் நடப்பதைத்தான் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாசகரின் முள் இரண்டாவது வகையில் நடந்துகொள்கிறது.

மூன்றாவது வேலை: நேரடியாக அளப்பது

குச்சியில் ஆயில் மட்டம் சரியாக இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டும். மட்டம் மீறியிருந்தாலோ, டீசல் வாடை இருந்தாலோ அடுத்த பகுதியில் சொல்லும் வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

யூனிட்டைக் கழற்றிவிட்டு, அதே துளையில் பட்டறையில் வைத்திருக்கும் பிரஷர் மீட்டரை மாட்ட வேண்டும். புரி அளவு வண்டிக்கு வண்டி மாறும். சரியான நிப்பிள் இல்லாமல், பொருந்தாத புரியை முறுக்கி ஏற்ற விடாதீர்கள். ஸ்டார்ட் செய்த 10 நொடிக்குள் முள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், உடனே அணைத்துவிட வேண்டும்.

முள் ஏறினால், லாரியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஒருமுறையும், சுமார் 2,000 சுற்றில் ஒருமுறையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில், சூடான நிலையில் ஐடிலிங்கில் 1 கிலோ, அதாவது சுமார் 14 பி.எஸ்.ஐ. இருந்தால் கவலை இல்லை. வேகம் கூடும்போது, 1,000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ.யாவது இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. நல்ல இன்ஜின், ஓடும் வேகத்தில் 3 கிலோவும் அதற்கு மேலும் காட்டும். உங்கள் இன்ஜினுக்கான சரியான எண், கம்பெனி கொடுத்த கையேட்டில் இருக்கும். அதுவே முடிவு.

பட்டறை மீட்டர் நல்ல அளவைக் காட்டினால், மகன் சொன்னதுதான் சரி. யூனிட்டை மாற்றினால் வேலை முடிந்தது. இன்ஜினைத் தொட வேண்டியதில்லை.

டீசல் கலந்திருந்தால்...

டீசல் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. சம்ப்புக்குள் டீசல் வரும் வழிகள் சிலதான். பிளாக்கின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் டயாஃப்ரம் வகை ஃபீட் பம்ப்பில் ரப்பர் கிழிந்திருக்கலாம். டீசல் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். இன்ஜின் ஆயிலே சுற்றிவரும் வகை டீசல் பம்ப்பாக இருந்தால், உள்ளே எலிமென்ட் தேய்ந்து டீசல் கசியலாம். இன்ஜெக்டர் நாசில் சொட்டுவதும் ஒரு காரணம். அப்படியானால், கூடவே கரும்புகையும், ஐடிலிங்கில் தடுமாற்றமும் இருக்கும். ஃபீட் பம்ப்பை உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடலாம். டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும், அதற்கென்று இருக்கும் பம்ப் சர்வீஸ் பட்டறையில் பெஞ்சில் மாட்டிச் சோதிக்க வேண்டும்.

கசிவைச் சரிசெய்த பிறகு, பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் சொன்ன ரகத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். டீசல் வண்டிகளுக்கு இப்போது பரவலாகக் கிடைப்பது 15டபிள்யூ-40. மூடி உடைத்த கேனிலும், உதிரியாகவும் விற்கும் ஆயிலை வாங்கவே கூடாது. அதன் பிறகு மறுபடியும் பட்டறை மீட்டரில் அளந்து பாருங்கள். அளவு ஏறி நின்றால், பேரிங் தப்பித்தது என்று பொருள்.

இதைக் கண்டுபிடிக்காமல் இன்ஜினை இறக்கிப் புதுப் பேரிங் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது ஆயிலிலும் டீசல் கலந்திருக்கும். புதுப் பேரிங்கும் தேய்ந்திருக்கும். நகையும் போய், லாரியும் நின்றிருக்கும்.

அப்படியும் ஏறவில்லை என்றால்...

வடித்த ஆயிலையும் பழைய ஃபில்டரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் இருக்கின்றனவா? அவற்றின் மேல் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளி நிறத்திலோ, செம்பு நிறத்திலோ இருந்தால், அது பேரிங்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். துகளே இல்லை என்றால், பேரிங்கைச் சந்தேகப்படும் முன்பு மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

வேலையைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் ரிலீஃப் வால்வு. ஒரு சிறு தூசு சிக்கினால்கூட வால்வு திறந்தபடி நின்றுவிடும். ஸ்பிரிங் தளர்ந்தும் போயிருக்கலாம். அடுத்தது சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெயினரைப் பார்ப்பது. பல லாரிகளில் இன்ஜினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றலாம். ஆயிலை நாள்கடந்து மாற்றிய இன்ஜின்களில், வலை முழுவதும் தார் போலக் கசடு அப்பியிருக்கும். உறிஞ்சு குழாயின் போல்ட், கேஸ்கெட் தளர்ந்திருந்தாலும் காற்று புகும். மூன்றாவது ஆயில் பம்ப். அதன் பல்சக்கரங்களின் தேய்மானத்தை அளந்து பார்க்க வேண்டும்.

சம்ப் கழற்றியிருக்கும்போதே, ஒரு பேரிங் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம். மேற்பரப்பு ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. கீறல் விழுந்து, அடியில் இருக்கும் செம்பு நிறம் தெரிந்தால், முதல் மெக்கானிக் சொன்னது சரி. லோடு ஏற்றி மேட்டில் போகும்போது இன்ஜினுக்குள் ‘டக் டக்’ என்று கனத்த சத்தம் கேட்பதும் அதற்கு அடையாளம். அப்போதும் பேரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். தேய்மானம் இருந்தால், கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும்.

கெட்டி ஆயில் யோசனை

இரண்டாவது மெக்கானிக் சொன்னபடி கெட்டி ஆயில் ஊற்றினால், முள் ஏறும் என்பது உண்மை. ஆனால், நோய் அப்படியே இருக்கும். பிரஷர் என்பது ஆயில் எவ்வளவு எதிர்ப்பைச் சந்திக்கிறது என்பதன் அளவு. எவ்வளவு ஆயில் போய்ச் சேருகிறது என்பதன் அளவு அல்ல. விடியற்காலைக் குளிரில் கெட்டி ஆயில், தூரத்தில் இருக்கும் ராக்கருக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் கொடுத்து முள்ளை ஏற்றுவதும் இதே ரகம்தான். காய்ச்சல்காரருக்கு வைத்தியம் பார்க்காமல், தெர்மாமீட்டரை உதறி வைப்பதுபோல.

ஆக, இந்த வாசகர் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: லாரியை நிறுத்துவது, குச்சியை முகர்வது, வயரைச் சோதிப்பது, டீசல் இருந்தால் வழியை அடைத்து ஆயில், ஃபில்டர் மாற்றுவது, பட்டறை மீட்டரில் அளப்பது. இத்தனைக்கும் பிறகு, அளந்த எண்ணும் திறந்து பார்த்த பேரிங்கும் ஒன்றையே சொன்னால் மட்டும், இன்ஜினை இறக்குவது பற்றி யோசிக்கலாம். அப்போதும் வேலையையும் சாமானையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய உதிரிகளைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘‘எங்கள் டிராக்டரில் ஆயில் பிரஷருக்கு மீட்டர் கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியாமல் இருந்தால் போதுமா?’’

- வாசகி, பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: போதாது. அந்த விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யும் முன்பு விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால், பல்போ, வயரோ, சுவிட்சோ போயிருக்கிறது. அந்த டிராக்டருக்குக் காவல் இல்லை என்று அர்த்தம்.

இந்தச் சுவிட்சுகள், பிரஷர் ஏறக்குறைய அரை கிலோவுக்கும் கீழே போன பிறகுதான் விளக்கை எரியவிடும். அதாவது, விளக்கு எரிந்தால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது. ‘இந்தச் சால் முடியட்டும்’ என்று ஓட்டாமல், அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். சுவிட்சில் இருந்து வயரைக் கழற்றிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், வயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது. தினமும் உழவுக்கு இறங்கும் முன்பு ஆயில் குச்சியைப் பார்ப்பது, விளக்கைவிட நல்ல காவல்.

கேள்வி: ‘‘பழைய மினி லாரி ஒன்று விலைக்கு வருகிறது. ஆயில் பிரஷரைப் பார்த்து இன்ஜினை மதிப்பிட முடியுமா?’’

- வாசகர், பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்

பதில்: முடியும். ஆனால், விற்பவர் ஓட்டிக் காட்டும்போது பார்த்தால் போதாது. காலையில், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது போய், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குச்சியை எடுத்து ஆயிலின் பதத்தைப் பாருங்கள். கியர் ஆயில் போலக் கெட்டியாக ஒழுகாமல் நின்றால், முள்ளை ஏற்றிக் காட்டுவதற்காக ஊற்றியிருக்கலாம். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விற்பவர் சம்மதித்தால், உங்கள் மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பட்டறை மீட்டரை மாட்டி அளந்துவிடுங்கள். சூடான ஐடிலிங் அளவு கையேட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால், இன்ஜின் வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். அளக்கவே விடமாட்டேன் என்றால், வேறு லாரி பார்ப்பதே நல்லது.